இரண்டாம் வாரத்தில் அறுந்துபோகும் தவம்

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் கறி, டீ, செல்போனில் சீரியல் மூன்றையும் விட்டுவிடுகிறேன். இரண்டாம் வாரம் ஒருநாள் தவறியதும் எல்லாமே போய்விடுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடும் அம்மாவும் ஒருசந்தி (நோன்பு) இருந்தே தீருவேன் என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: கத்தோலிக்கத் திருச்சபை கேட்பது எது, நீங்களாக ஏற்றது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டாய ஒருசந்தி திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என இரண்டே நாள். 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 நிறையும்வரை. ஒருவேளை முழுச் சாப்பாடு. மற்ற இரு வேளையும் கொஞ்சமாக. இரண்டும் சேர்ந்து இன்னொரு சாப்பாடாகிவிடக் கூடாது. சுத்தபோசனம், அதாவது கறி தவிர்ப்பது, 14 வயதிலிருந்து, வெள்ளிதோறும். மீன், முட்டை, பாலுக்குத் தடையில்லை. (வஞ்சிரம் வறுவல் சட்டப்படி சரிதான், தவம் என்று சொல்லத்தான் நாக்கு கூசும்.)

நோயாளிகளை இந்தக் கடமை கட்டாது. மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி அம்மாவுக்கு மயக்கம் வரலாம். வேளைக்குச் சாப்பிடட்டும், வேண்டுமானால் இனிப்பில்லாத காபியையே தவமாக ஒப்புக்கொடுக்கட்டும்.

மற்றதெல்லாம் உங்கள் விருப்பத் தீர்மானம். தவறியதற்காகப் பாவக்கணக்கு ஏறாது. காலையில் டீ குடித்துவிட்டீர்களா, மதியத்திலிருந்து தொடருங்கள். "சரி, திங்கள்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்" என்பதில்தான் எல்லாம் அறுகிறது. திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள். நோன்பில்லாத ஆறு ஞாயிறு போக 40. ஞாயிற்றுக்கிழமை டீ குடித்ததைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். டீ என்றால் ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலை விண்விண்ணென்று இடிக்கும். புதனுக்கு ஒரு வாரம் முன்பே நாளுக்கு நான்கு டீயை இரண்டாக, பிறகு ஒன்றாகக் குறையுங்கள். மிச்சக் காசு கண்ணில் படவேண்டும். ஜிபேயில் கட்டுகிறவர்களுக்கு அது படுவதே இல்லை. டீ 15 ரூபாய் என்றால் மூன்று டீக்கு 45. அன்றிரவே தவக்கால உண்டியலில் சில்லறையாகப் போடுங்கள். 40 நாளில் 1,800 ரூபாய் ஏழைகளுக்கு.

வெள்ளி மாலை சிலுவைப் பாதைக்கு (இயேசுவின் பாடுகளை 14 நிலைகளாகத் தியானிக்கும் ஜெபம்) ஆபீஸ் விடாதா? மின்சார ரயிலில் திங்கள் முதல் வியாழன் வரை தினம் மூன்று நிலை, வெள்ளியன்று இரண்டு, 14 முடிந்துவிடும். அச்சிட்ட சின்னப் புத்தகமாகவே கையில் இருக்கட்டும். செல்போனில் வைத்துப் படித்தால், இயேசு முதல்முறை விழுவதற்குள் வாட்ஸ்அப் வந்து நிற்கும்.