பள்ளத்து வளவு

அன்புள்ள ஐயா,

நான் கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். மென்பொருள் வேலை; எங்கிருந்தும் செய்யலாம். இரண்டு பிள்ளைகளும் பால்கனியில்தான் விளையாடுகிறார்கள். வாடகை கட்டி முடியவில்லை. கிழக்கில் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோக முடிவெடுத்திருக்கிறோம். போன ஓகஸ்டில் ஐந்து நாள் லீவு எடுத்துக் கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் ஐந்தையும் நான் நேரில் போய்ப் பார்த்தேன். எளிய, கள்ளமில்லாத மனிதர்கள். பாடசாலை, வைத்தியசாலை, இணைய வேகம், கடற்கரை எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு அட்டவணை இணைத்திருக்கிறேன். கல்லடி 41, களுவாஞ்சிகுடி 38. ஆனால் களுவாஞ்சிகுடியில் மட்டக்களப்பு வாவி தெரிகிற ஒரு காணி மலிவாக வருகிறது. அது அம்மம்மாவின் ஊரும்கூட. அவர் போனபிறகு எங்களுக்கு அங்கே தொடர்பில்லை. எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்?

சி.

அன்புள்ள சி.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அலுமாரிக் கால்களுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி பாதி போய்விட்டது. வருடாவருடம் செய்கிற வேலை. மனைவி ஒரு பக்கம் தூக்க, நான் குனிந்து சீமெந்துக் கல்லை உள்ளே தள்ள, முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தால் உங்கள் அட்டவணை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முதுகு பிடித்தவனுக்கு வேறு என்ன வேலை?

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். இணையம் வரும், மழைக்கு அறுந்தால் இரண்டு நாள் வராது, குடி முழுகாது. பாடசாலைகள் நல்லவை இருக்கின்றன. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை. களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் ஆதார வைத்தியசாலைகள். ரயில் மட்டக்களப்போடு முடிந்துவிடும், அதற்குத் தெற்கே பஸ்தான். கடற்கரைக்கும் புள்ளி போட்டிருக்கிறீர்கள். சுனாமி வந்த 2004 மார்கழிக்குப் பிறகு கடலுக்குப் புள்ளி போடுகிற மனசு இங்கே பலருக்கு இல்லை. அதை உங்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

ஆனால் 'எளிய, கள்ளமில்லாத மனிதர்கள்' என்று எழுதியதை மன்னிக்க மாட்டேன். ஐந்து நாளில் ஐந்து ஊர் சுற்றியவருக்கு யாருடைய கள்ளம் தெரியும்? நான் இங்கே வந்த புதிதில் மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, பெட்டியைத் திறக்கும் முன்பே என் சேட்டையும் சப்பாத்தையும் பார்த்துத்தான் கொடுவாவுக்கு விலை சொன்னார். மூன்று மாதம் அந்த விலையைக் கொடுத்தேன். நான்காம் மாதம் சாரனோடு நின்றேன், விலை இறங்கியது. உங்கள் தரகரும் அதே ஊர்க்காரர்தான். எங்களை எளியவர் என்று நினைத்துக்கொண்டு காணி பேசப் போனால், உங்களை எளியவராக்கித்தான் அனுப்புவார்கள்.

இன்னொன்று. கடிதம் முழுக்க 'முடிவெடுத்திருக்கிறோம்' என்கிறீர்கள், பார்த்தவர் 'நான்'. மனைவியைக் கூட்டிக்கொண்டு வரவில்லையா? நீங்கள் வருகிற ஊரில் வீடு என்பது பெண்ணின் பெயரில் இருப்பது. தாய் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். குடி என்கிற குலப் பிரிவும் தாய்வழியில்தான். இங்கே குடிபெயர்ந்து பழக்கப்பட்டவர்கள் ஆண்கள், இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் பெண்கள். இதைச் சும்மா சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்லப்போகிறேன்.

நானும் வெளியாள்தான். பதுளையில் பிறந்தவன், கொழும்பில் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞர் வேலை. 2010இல் மட்டக்களப்புக்கு இடமாற்றம் கேட்டு வாங்கினேன். கேட்டு வாங்கினேன் என்பதை மனைவி இன்றைக்கும் ஞாபகப்படுத்துவாள். ஆவணியில் வீடு பார்க்க வந்தோம். கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகி, மண் வெடித்துக் கிடந்தது. அந்த வெயிலில் ஒரு வெள்ளை வீடு, முற்றத்தில் மாமரம், குசினி ஜன்னலைத் திறந்தால் வாவி. நீங்கள் பார்த்த காணிக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை கேட்டால் கொழும்பில் ஓர் அறைக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. பாவம், விலை தெரியாத மனிதர் என்று வீட்டுக்காரரைப் பற்றி நினைத்தேன். தெருமுனையில் ஏதோ 'நகர்' என்று புதுப் பலகை. மனைவி மட்டும் சுவரைப் பார்த்து, "இதென்ன, இடுப்பளவுக்கு ஒரு நிறம், அதற்கு மேலே ஒரு நிறம்?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் அது அலங்காரம் என்றார். நானும் ஆமோதித்தேன்.

எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா. ஐப்பசியில் ஒருநாள் தண்ணீர் கேட்டுப் போனபோது, கட்டிலின் நாலு காலுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் அடுக்கியிருந்தார். அரிசிப் பீப்பாய் மேசைமேல். காணி உறுதியும் நகையும் பொலித்தீனில் சுற்றிக் கூரை வளையில் தொங்கியது. கறையானுக்குப் பயந்தவர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். அவரும் சிரித்தார்.

2011 தை. விடாத மழை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். உன்னிச்சை எங்கேயோ வாவிக்கு மேற்கே படுவான்கரையில், எனக்கென்ன என்று படுத்துவிட்டேன். வெள்ளம் என்றால் வாசலால் வரும் என்றுதானே நினைப்போம்? எங்களுக்கு முதலில் குளியலறைத் துவாரத்தால் வந்தது, சத்தமே இல்லாமல். இரவு இரண்டு மணிக்குக் காலைக் கட்டிலிலிருந்து இறக்கினேன், குளிர்ந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் என் செருப்பு இரண்டும் அறை நடுவே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மிதக்கின்றன. கட்டிலுக்குக் கீழே அட்டைப் பெட்டிகளில் இருபது வருடம் சேர்த்த புத்தகங்கள். தூக்கினேன், அடி கழன்று விழுந்தது.

பெரியம்மாதான் முழங்கால் தண்ணீரில் வந்து, "மனே, எழும்பி வாங்க, புள்ளயையும் கூட்டிக்கொண்டு" என்றார். புள்ள என்றது என் மனைவியை. அவருடைய வீட்டுக்கு மூன்று படி. தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றது. ஒன்பது நாள் அங்கே இருந்தோம். மாசியில் வெள்ளம் திரும்ப வந்தபோது நாங்களாகவே போய்விட்டோம்.

ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன்: "பெரியம்மா, இப்படி வரும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கல்லியே மனே" என்றார். "ஆவணியில பாத்தா எல்லாக் காணியும் மேடுதான். இந்த இடத்துக்கு நாங்க பள்ளத்து வளவு எண்டுதானே சொல்லுற. பேரக் கேட்டிருந்தா மறுகா விளங்கியிருக்கும்."

தம்பி, அந்தப் 'பேரக் கேட்டிருந்தா' என்பதில் நான் பதினைந்து வருடமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். உங்கள் அட்டவணையில் ஐந்து ஊரின் பெயர் இருக்கிறது. ஒன்றையாவது நீங்கள் வாசிக்கவில்லை. எங்கள் பெயர்கள் முக்கால்வாசியும் தண்ணீர்க் கணக்கு. தாழங்குடா என்றால் நீர் உள்ளே புகுந்து வளைந்த இடம். மண்முனை, மருதமுனை என்றால் நிலம் நீட்டிக்கொண்டு நிற்கிற இடம். அம்பிளாந்துறை, துறைநீலாவணை என்றால் தோணி கட்டிய கரை. பாலமீன்மடு ஆழம். உப்போடை ஓடை. புலியந்தீவு உண்மையிலேயே வாவிக்குள் நிற்கிற தீவு, அதில்தான் மட்டக்களப்பின் பழைய நகரம் இருக்கிறது.

காரைதீவுக்கு 'விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர்' என்று இரண்டு புள்ளி கூட்டியிருக்கிறீர்கள். நல்லது, அடிகளுக்கு வணக்கம். ஆனால் தீவு எங்கே என்று கேட்டீர்களா? கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே பெரிய வீதி என்றுதான் ஓகஸ்டில் தெரிந்திருக்கும். அந்த வயல்பக்கம் மாவடிப்பள்ளிக்குப் போகிற வீதியில்தான் 2024 கார்த்திகையில், மத்ரஸாவிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளை உழவு இயந்திரத்தோடு வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. ஊருக்குத் தீவு என்று பெயர் வைத்தவர்கள் மாரியில் நின்று பார்த்து வைத்திருக்கிறார்கள்.

பெயர்கள் சின்ன அளவிலும் உண்டு. ஒவ்வொரு ஊருக்குள்ளும் பள்ளம், மேடு, திடல், ஓடைக்கரை என்று மூலைக்கு மூலை ஒரு பெயர். வயலிலும் அப்படித்தான், வட்டை என்கிற ஒவ்வொரு வயல் தொகுதிக்கும் ஒரு பெயர். உறுதியில் அது இருக்காது, தரகர் வாயில் வரவே வராது. பலகையில் 'நகர்' என்றோ 'கார்டன்' என்றோ எழுதினால் பள்ளம் மேடாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பக்கத்து வீட்டில் இருக்கிற ஆக வயதான பெண்ணிடம் கேளுங்கள். ஆண்களிடம் வேண்டாம், அவர்கள் கல்யாணம் முடித்து அந்த ஊருக்கு வந்தவர்கள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கே படுவான்கரை முழுக்க வயலும் குளமும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் எல்லாம் வாவிக்குத்தான். வாவி ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீளம், கல்முனைப் பக்கம் வரை போகிறது. 1961இல் அம்பாறையைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. கடலுக்குப் போக மட்டக்களப்பு முகத்துவாரமும் கல்லாறும்தான் வழி. அந்த வாயை மணல் அடைத்துவிடும். அப்போது ஆத்துவாய் வெட்ட வேண்டும். வயல்காரர் உடனே வெட்டு என்பார், பயிர் அழுகுகிறது. மீன்பிடிக்கிறவர் பொறு என்பார், வெட்டினால் றாலும் மீனும் கடலோடு போய்விடும். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். கூட்டம் போட்டுப் பேசி முடிப்பதற்குள் வாவிக்கரைக் காணிக்காரரின் குசினியில் தண்ணீர் நிற்கும். அங்கே உங்களுக்குக் குரலும் இல்லை. வயலும் கிடையாது, வலையும் கிடையாது.

கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கடலோர மணலில் மழைநீர் இறங்கி, கீழே இருக்கிற உப்புநீரின்மேல் மெல்லிய படையாக நிற்கும். அதைத்தான் குடிக்கிறோம். அளவாக அள்ளினால் இனிப்பு, மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலே வரும். சுனாமிக்குப் பிறகு கிணற்றைத் துப்புரவாக்குகிறோம் என்று இறைத்து இறைத்து உவராக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்; மாரி மழை வந்துதான் சரியானது. உன்னிச்சைத் தண்ணீர் குழாயில் வருகிற ஊர்களில் இந்தக் கவலை குறைவு. அப்புறம் மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று பாருங்கள், பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து. பள்ளத்துக் காணியில் மாரி வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவன் நான். என்ன மிதந்தது என்று எழுத மாட்டேன், சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள்.

எந்த ஊர் என்றுதானே கேட்டீர்கள். ஐந்துமே நல்ல ஊர்கள். ஐந்திலும் பள்ளம் இருக்கிறது, ஐந்திலும் மேடு இருக்கிறது. முற்பணம் எதுவும் கொடுக்காதீர்கள், தரகர் என்ன சொன்னாலும் சரி. கார்த்திகைக் கடைசியில், நல்ல மழையாகப் பார்த்து, இரவு ரயிலில் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சப்பாத்து வேண்டாம், இறப்பர் செருப்பு. மட்டக்களப்பு ஸ்டேஷனில் நான் நிற்பேன். களுவாஞ்சிகுடிக் காணியைப் போய்ப் பார்ப்போம். போக முடிகிறதா என்று முதலில் பார்ப்போம். சாப்பாடு எங்கள் வீட்டில். இந்த வீட்டுக்கு நாலு படி.

அதற்கு முதல் ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். அம்மம்மாவின் வீடு களுவாஞ்சிகுடியில் எந்தப் பக்கம், பெரிய வீதிக்குக் கிழக்கா, மேற்கா? உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அந்த வளவை அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.