பழையதும் புதியதும் ஒரே கணினியில்: பயனீட்டாளர் கேள்வி-பதில்

மென்பொருளின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒன்றாக வைப்பது பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களுக்கு விழுந்த வசவுகளையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி. மடிக்கணினியில் கடிதமும் கணக்கும் எழுத முறையாக வாங்கிய மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2016 இருந்தது. மகளுக்காக அதன் சந்தா வடிவமான மைக்ரோசாப்ட் 365-ஐயும் போடச் சொல்லிக் கடையில் கொடுத்தேன். "இரண்டும் இருக்கும் அங்கிள்" என்றார்கள். 150 ரிங்கிட் கூலி. திரும்பி வந்தபோது 2016 இல்லை, குடும்பப் படங்களும் இல்லை. "ஃபார்மட் செய்தால்தான் ஏறும்" என்கிறார்கள். (சுங்கை சிப்புட்)

பதில்: ஐயா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆபிஸ் 2016, 2019, 2021, 365 ஆகிய எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் பதிப்பு எண் 16தான். அதனால் 2016-உம் 365-உம் ஒரே விண்டோஸில் சேர்ந்து இருக்காது. 2010-க்கு எண் 14, 2013-க்கு 15. (13-ஐ ராசியில்லை என்று மைக்ரோசாப்டே தாண்டிவிட்டது. நம் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள்.) எண் வேறாக இருந்தால் பழையதை முதலில், புதியதைப் பிறகு என்று ஏற்றிப் பார்க்கலாம். அப்போதும் அவுட்லுக் (ஆபிஸின் மின்னஞ்சல் மென்பொருள்) ஒன்றுதான் நிற்கும். இதையெல்லாம் கூலி வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே 2016-ஐ எடுத்தது தவிர்க்க முடியாதது. ஃபார்மட் செய்தது, அதாவது டிஸ்க் முழுவதையும் துடைத்தது, அப்படியல்ல. ஒரு மென்பொருளை நீக்கினால் மென்பொருள்தான் போகும். உங்கள் கடிதங்களும் படங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் நம் கடைத்தெருவில் எதற்கெடுத்தாலும் ஃபார்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா, ஃபார்மட். எழுத்துரு தெரியவில்லையா, ஃபார்மட். கோளாறைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். துடைத்துவிடுவதற்கு ஒரு பட்டன் போதும், கூலியோ இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது, பிரதி எடுத்திருக்கிறீர்களா என்று கேட்கும் கடைக்காரரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம் அவருக்கு வெறும் ஜிகாபைட்.

இப்போதைக்கு அந்தக் கணினியைத் தொடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் படங்களை மீட்கும் வாய்ப்பு ஓரளவு உண்டு, எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) என்றால் குறைவு. ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பத்திரப்படுத்துங்கள். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை செய்கிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கடை அதை நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். கடைக்காரரிடம் இந்த வரியை மட்டும் முதலில் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: இணையத்தில் 19 ரிங்கிட்டுக்கு "வாழ்நாள்" ஆபிஸ் சாவி (மென்பொருளைச் செயல்படுத்தும் எண்) வாங்கினேன். பழைய ஆபிஸை நீக்கிவிட்டு அதைப் போட்டேன். மூன்றாம் மாதம் செல்லாது என்கிறது.

பதில்: யாருடைய வாழ்நாள் என்று கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. புதிய விண்டோஸ் 11 கணினியில் அதையும், இப்போதைய வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனையும் சேர்த்து வைக்கலாமா?

பதில்: இரண்டும் தனித்தனி மென்பொருள், ஒன்றை ஒன்று விரட்டாது. சிக்கல் வயதில்தான். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்குப் பிறகு 8-ஆம் பதிப்பு வரவேயில்லை. விண்டோஸ் 11-இல் அது அடம்பிடித்தால் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் பழைய விண்டோஸை ஓடவிட்டு, அதிலே பேஜ்மேக்கரை வையுங்கள். உள்ளே ஓடும் விண்டோஸுக்கும் தனி உரிமம் வேண்டும். ஒரே இயந்திரத்தில் இரண்டு கணினி ஓடுவதால் 8 ஜிகாபைட் நினைவகம் திணறும். 16 கேட்டு வாங்குங்கள்.

எழுத்துருக் கோப்புகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அவை யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாதவை என்றால், எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் அம்மன் திருவிழா ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பழைய கணினியை இப்போதே விற்றுவிடாதீர்கள். நான் நல்ல விலை கொடுத்து வாங்கிய கணக்கு மென்பொருள், பிரிண்டர் துளையில் செருகும் டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு கருவி) இல்லாமல் திறக்காது. டாங்கிள் இழுப்பறையில் இருக்கிறது. அந்தத் துளை உள்ள கணினியைக் காயலான் கடைக்குக் கொடுத்தாயிற்று.

கேள்வி: கல்யாணப் படப்பிடிப்பு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். போட்டோஷாப் புதிய பதிப்பை ஏற்றினேன். பழையது பிளகின்களோடு (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) காணாமல் போய்விட்டது. அதைத் தயாரிக்கும் அடோபி மீது புகார் செய்யலாமா?

பதில்: எதற்கு? ஏற்றும்போது "பழைய பதிப்புகளை நீக்கு" என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கும். நீங்கள் படிக்காமல் அழுத்தியிருப்பீர்கள். அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் செயலியில் முந்தைய பதிப்பை இன்னும் கொடுக்கிறார்களா பாருங்கள். கொடுத்தால் மறுபடி ஏற்றலாம், இரண்டும் சேர்ந்தே ஓடும். பிளகின்களை ஒவ்வொன்றாக நீங்கள்தான் போட வேண்டும். கல்யாணப் பருவத்தின் நடுவில் எதையும் மாற்றாதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது!

கேள்வி: ஃபயர்பாக்ஸ் இணைய உலாவியின் இரண்டு பதிப்பை ஒரே கணினியில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். வேறு வேறு கோப்புறையில் ஏற்றுங்கள். 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி புரொஃபைல் (புக்மார்க், கடவுச்சொல் போன்றவை இருக்கும் இடம்) அதுவாகவே உருவாகும்.

கேள்வி: கடையின் கணக்கு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு இலவசம் என்கிறார் முகவர். பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாமாம். உண்மையா?

பதில்: மென்பொருள் திரும்பும், கணக்கு திரும்பாமல் போகலாம். புதிய பதிப்பு தரவைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பழையது அதைத் திறக்க மறுக்கும். முகவர் கைவைக்கும் முன் தரவுக் கோப்புறையை முழுதாக வேறு டிஸ்கில் பிரதி எடுங்கள். "திரும்பலாம்" என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.