கேள்வி: கல்யாண டிவிடியை வீட்டிலேயே நகல் எடுக்கலாமா, கடையில் கொடுப்பது நல்லதா?

வீட்டிலேயே எடுங்கள். கல்யாணம் உங்கள் வீட்டுடையது, கடைக்காரருக்கு அது இன்னொரு தட்டு, அவ்வளவுதான்.

நான் ரங்கூன்காரன். அக்கா கல்யாண டிவிடியைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக டவுனில் ஒரு கடையில் நகல் போடச் சொன்னோம். மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுவது எல்லாம் பிசிறில்லாமல் ஓடியது. குருக்கள் தாலியை எடுத்து நீட்டும்போது அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து படம் நின்றுவிட்டது. கெட்டிமேளம் மட்டும் விக்கி விக்கிக் கேட்டது. எந்த நகலைப் போட்டாலும் ஏறக்குறைய அதே இடம்தான். "உங்க ப்ளேயர் பழசு" என்றார் கடைக்காரர். மூலத் தட்டு அதே ப்ளேயரில்தான் நன்றாக ஓடுகிறது என்றதும் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். டிவிடியில் எழுதுவது உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். 16 எக்ஸ், அதாவது அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு, என்று போட்டிருக்கும் வேகம் வெளி ஓரத்துக்குப் போகும்போதுதான் வரும். மட்டமான தட்டு சொதப்புவதும் அங்கேதான். இரண்டு மணி நேர வீடியோவில் தாலிகட்டு கடைசிப் பக்கம்தானே வரும்! 8 எக்ஸில் எழுதினால் முழுத் தட்டுக்கு எட்டு நிமிடம் போல ஆகும், 16 எக்ஸில் ஐந்தாறு நிமிடம். இந்தச் சில நிமிட மிச்சத்துக்காகத்தான் எங்கள் அக்கா தாலியே கட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். இம்ஜ்பர்ன் (ImgBurn) தட்டு எழுதுகிற இலவச மென்பொருள். மூலத் தட்டை முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழுத் தட்டும் அப்படியே ஒரே கோப்பாக, ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாக எழுதினேன். மூலத்தைத் திரும்பத் திரும்ப ட்ரைவில் போட்டு எடுத்தால் கீறல்தான் மிச்சம். 'வெரிஃபை' கட்டத்தில் டிக் போட மறக்க வேண்டாம், எழுதி முடித்ததும் அதுவே படித்துச் சரிபார்க்கும். எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பாதியில் போனால் தட்டு குப்பைக்கு. அதனால் பேட்டரி நன்றாக இருக்கிற லேப்டாப்பில்தான் எழுதுவேன்.

திருட்டு டிவிடிக்கு வழி சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கடையில் விற்கும் படங்களில் பெரும்பாலும் பூட்டு இருக்கும், இம்ஜ்பர்ன் அதைத் திறக்காது. நான் சொல்வது சொந்த வீடியோவை. "பென் டிரைவில் போட்டால் போச்சு" என்பவர்கள் எங்கள் அத்தை வீட்டு டிவியை வந்து பார்க்கட்டும், அதில் யுஎஸ்பி ஓட்டையே கிடையாது.

சென்னை உறவினர்களுக்கும் ஒன்று அனுப்பினோம். கடையில் விற்கும் படம் என்றால் எந்த நாட்டு ப்ளேயரில் ஓடலாம் என்று மண்டல எண் போட்டிருக்கும்; பர்மாவுக்கு மண்டலம் 3, இந்தியாவுக்கு 5 என்று தகராறு வரும். வீட்டில் எழுதிய தட்டுக்கு அந்த வம்பு இல்லை. ஓடியது, பார்த்தார்கள், போன் போட்டார்கள். முதல் கேள்வியே, "அங்கேயும் தமிழ்லதான் மந்திரம், பாட்டெல்லாமா? பரவாயில்லையே!" நாலு தலைமுறையாகக் கோயில் கட்டி, காவடி எடுத்து, தீ மிதித்துக்கொண்டிருக்கிறோம். பரவாயில்லையாம். பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, சிடி வைத்திருந்தால் இன்னொன்று. எல்லாரும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். சிடியில் தகவல் படலம் இருப்பது பெயர் எழுதுகிற மேல்பக்கத்தை ஒட்டி. அங்கே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், மார்க்கர் போதும். டிவிடியில் அது நடுவில் இருக்கிறது, ஆனாலும் காகித லேபிள் ஒட்ட வேண்டாம், சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும்.