தூரிகை மேடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: வாட்டர் கலரில் நல்ல பழக்கம் உண்டு. சீன, ஜப்பானிய முறை மை ஓவியம் போட்டுப் பார்த்தால் கறுப்பு வாட்டர் கலர் மாதிரியேதான் வருகிறது. 300 ஜிஎஸ்எம் தாள்தான் பயன்படுத்துகிறேன். எங்கே தப்பு?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: தாளில்தான். வாட்டர் கலர் தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பார்கள். வண்ணம் மேலேயே நிற்கும். ஈரத் தூரிகையால் ஓரளவு ஒற்றியும் எடுக்கலாம். மை ஓவியத்துக்கான சீனத் தாள் சுவான். பசை ஏற்றாத சுவான் தாளில் மை பட்டதுமே நாருக்குள் இறங்கிவிடும். திருத்த வழியில்லை. ஆனால் தூரிகை எங்கே தயங்கியது, எங்கே ஓடியது என்பது அப்படியே பதியும். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

சுவானிலேயே படிகாரமும் பசையும் ஏற்றிய வகை உண்டு. அது நுணுக்கமான கோட்டு வேலைக்கு. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று ஊறிப் பரவினால் உங்களுக்கு வேண்டிய தாள். பழகுவதற்கு அதுகூட வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெரு காகிதக் கடைகளில் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் கேளுங்கள். அடியில் பழைய கம்பளி விரிக்க வேண்டும். வெறும் மேசை என்றால் ஊடுருவிய மை அடியில் தேங்கித் திட்டாகும்.

முதலில் மூங்கில் தண்டு. ஆட்டுமுடித் தூரிகையை நனைத்துத் துணியில் ஒற்றுங்கள். வெளிர் மையை அடிவரை ஏற்றி, நடுத்தர மையில் பாதி முக்கி, அடர் மையை நுனியில் மட்டும் தொடுங்கள். தட்டில் ஓரிரு முறை தடவினால் மூன்றும் இழையும். தூரிகையைப் படுக்கவைத்துக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். கணு வரும் இடத்தில் அழுத்தி நிறுத்தி, மயிரிழை இடைவெளி விட்டு அடுத்த துண்டு. நடுவில் மை தொடக் கூடாது. ஒரு விளிம்பு கறுத்து மறு விளிம்பு வெளிறி, தண்டு தானே உருண்டு தெரியும்.

வாட்டர் கலர்காரர்களுக்குக் கையில் தண்ணீர் அதிகம். இங்கே அதுதான் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளே ஈரம் குடித்திருக்கும், மை இன்னும் பரவும். தண்ணீரை இன்னும் குறையுங்கள். காய்ந்தால் வெளிறும் என்பதால் ஒரு படி அடர்த்தியாகவே போடலாம். காய்ந்த பூச்சின் மேல் மறு பூச்சு வேண்டாம், விளிம்பு கோடு கோடாக நிற்கும்.

கேள்வி: இந்தியன் இங்க் தொட்டு வரைந்தேன். தூரிகை குச்சி மாதிரி விறைத்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பல இந்தியன் இங்க்குகளில் அரக்கு இருக்கிறது. காய்ந்தால் தண்ணீரில் கரையாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, சோப்பால் அலசிப் பாருங்கள். முடியின் வேர்ப்பகுதி இறுகிவிட்டால் அந்தத் தூரிகை பாறை, மரப்பட்டை வரையத்தான் உதவும்.

கேள்வி: மைக்கட்டியை உரைத்தால் துகள் துகளாகத் திரிகிறது, மறுநாள் நாறுகிறது.
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: போர்வெல் தண்ணீரா? உப்பு இருந்தால் மைக்கட்டியிலுள்ள புகைக்கரி திரளும். மை உரைக்கும் கல்லான மைக்கல்லில் கேன் தண்ணீர் அரை டீஸ்பூன் விட்டு, கட்டியை நேராகப் பிடித்து, அழுத்தாமல் வட்டமாக உரையுங்கள். எண்ணெய்ப் பளபளப்பு வந்தால் போதும். நாற்றம் அதிலுள்ள விலங்குப் பசை அழுகுவதால். நம் வெயிலுக்கு மிச்சம் வைக்கவே கூடாது. கல்லைக் கழுவி, கட்டியைத் துடைத்து நிழலில் வையுங்கள், வெயிலில் வெடிக்கும். விலங்குப் பசை ஆகாது என்பவர்கள் செயற்கைப் பிசின் சேர்த்த புட்டி மை வாங்கலாம். அதை மைக்கல்லில் மட்டும் ஊற்றாதீர்கள். பீங்கான் தட்டு போதும்.