சோலார் போட்டும் டிமாண்ட் சார்ஜ் குறையவில்லையே, ஏன்?

கேள்வி: பர்கூர் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு, ஒரே நேரத்தில் இழுக்க அனுமதி 300 கே.வி.ஏ. கூரையில் சோலார் போட்ட பிறகு யூனிட் கட்டணம் நன்றாகக் குறைந்தது. டிமாண்ட் சார்ஜ், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்சுமைக்கான கட்டணம், மட்டும் அசையவில்லை. ஆலை பூட்டிக் கிடக்கும் மாதங்களிலும் அதே தொகைதான். ஓடாத அனல் மின் நிலையங்களுக்கும் மாதாமாதம் பணம் கொடுக்கிறார்கள் என்கிறார்களே, அந்தச் சுமைதான் எங்கள் தலையில் விழுகிறதா? பேட்டரி வாங்கினால் தப்பிக்கலாமா?

பதில்: உங்கள் சந்தேகம் பாதி சரி. கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் செலவோடு மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்கும் செலவும் டிமாண்ட் சார்ஜுக்குள் இருக்கிறது. அதற்காக அதை வீண் பணம் என்று சொல்லிவிட முடியாது. ஏன் என்று பார்க்கும் முன் உங்கள் பில்லைப் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் ஹெச்.டி. இணைப்புக்கு, அந்த மாதம் மீட்டரில் பதிவான உச்ச தேவை, நீங்கள் அனுமதி வாங்கிய அளவில் 90 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 300 கே.வி.ஏ.வில் 90 சதவீதம் 270. ஒரு கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 செப்டம்பரில் ஒரே தாவலாக 550 ஆனது. பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. கணக்குக்கு 600 ரூபாய் என்று வைத்தால், ஒரு மாம்பழம்கூட உள்ளே வராத டிசம்பர் மாதத்திலும் 1,62,000 ரூபாய் கட்டியாக வேண்டும்.

சீசனில் சோலார் ஏன் கைகொடுக்கவில்லை? மே முதல் ஜூலை வரை நீங்கள் ராப்பகலாக ஓட்டுகிறீர்கள். இரவு எட்டு மணிக்குப் பல்பரும் கம்ப்ரசரும் கூலிங் டவரும் சேர்ந்து ஓடும்போது கூரையில் இருக்கும் பலகை எதையும் தராது. மாதத்தில் ஒரு முறை பதிவாகும் உச்சமே போதும், அந்த மாத பில் அதை வைத்துத்தான் வரும். சோலார் குறைத்தது யூனிட்டை. இரவில் உங்களுக்குத் தேவையான திறன் அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் திறனை யாரோ எங்கோ தயாராக வைத்திருக்க வேண்டும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நம் காற்றாலைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காற்று. மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறி ஏசி ஓட ஆரம்பிக்கும்போது காற்று மந்தமாக இருக்கும். மாலை ஏழு மணிக்குச் சூரியனும் கிடையாது. அந்த நேரத்துக்கு இன்னும் ஆயிரம் மெகாவாட் சோலார் பலகை சேர்த்தாலும் ஒரு விளக்கும் கூடுதலாக எரியாது. அப்போது தாங்குவது நிலக்கரியும் நீர்மின்சாரமும் வெளியிலிருந்து வாங்குவதும்தான்.

சோலார் பெருகப் பெருக இந்த நிலையங்கள் ஓடும் நேரம் சுருங்குகிறது. பகலில் குறைந்த அளவுக்கு இறக்கி வைத்து, மாலையில் முழு அளவுக்கு ஏற்றுகிறார்கள். விற்கும் யூனிட் குறைகிறது. கடன் வட்டி, சம்பளம், பராமரிப்பு எதுவும் குறையவில்லை. உங்கள் ஆலையும் இதே நிலையில்தான் இருக்கிறது: மூன்று மாதம் ஓடுவதற்காக வருஷம் முழுக்க வங்கி வட்டி கட்டுகிறீர்கள்.

இந்தியாவில் இதற்கான வழி புதிதல்ல. மத்திய அரசின் அனல் நிலையங்களுக்கு 1992 முதலே இரண்டு பகுதிக் கட்டணம் நடைமுறைக்கு வந்துவிட்டது. எரிபொருளுக்கு ஓடிய யூனிட் கணக்கில் ஒரு பணம், தயாராக இருந்ததற்கு நிலைக்கட்டணமாக இன்னொரு பணம். பொதுவாக வருஷத்தில் 85 சதவீதம் தயார்நிலை காட்டினால் நிலைக்கட்டணம் முழுதாகக் கிடைக்கும். காட்டாவிட்டால் அதற்கேற்பக் குறையும். அதாவது, "ஓடாத நிலையத்துக்குப் பணம்" என்பது சரியான விவரிப்பு அல்ல. ஓடத் தயாராக இல்லாத நிலையத்துக்குப் பணம் போகக் கூடாது, அதுதான் விதி.

என் குறை வேறு இடத்தில். தயார்நிலையை வருஷ சராசரியில் அளந்தால், தேவை இல்லாத நள்ளிரவில் தயாராக இருந்ததும் நெருக்கடியான மாலையில் தயாராக இருந்ததும் ஒரே மதிப்பு பெற்றுவிடும். 2019இல் வந்த மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணைய விதிகள், உச்ச நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் நிலைக்கட்டணத்தைப் பிரித்தன. நல்ல திருத்தம். இன்னும் அழுத்தமாகப் போக வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் பணத்தை வாங்கிக்கொண்டு வராமல் போவது கற்பனை அல்ல. அமெரிக்காவில் 13 மாநிலங்களுக்கு மின்சாரம் ஒருங்கிணைக்கும் பிஜேஎம் அமைப்பு, திறனுக்கென்றே, அதாவது தேவைப்படும்போது தரத் தயாராக இருப்பதற்கென்றே, தனி ஏலம் நடத்துகிறது. 2022 டிசம்பர் பனிப்புயலில் அங்கே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு திறன் பழுதாகி நின்றது. பெரும்பாலும் எரிவாயு நிலையங்கள். அவற்றின் மேல் விதித்த அபராதம் மட்டும் 100 கோடி டாலரைத் தாண்டியது. 2024 ஜூலை ஏலத்தில் அதே பிஜேஎம்மில் விலை, ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலரிலிருந்து 269.92 டாலருக்குப் பாய்ந்தது. அந்தச் சுமை அங்கேயும் நுகர்வோர் தலையில்தான் இறங்குகிறது.

அப்படியானால் இந்தப் பணமே வேண்டாம், விற்ற யூனிட்டுக்கு மட்டும் கொடுப்போம் என்றால்? டெக்சாஸில் அந்த முறைதான். தட்டுப்பாட்டில் விலை எகிறும், அதில் நிலையங்கள் தங்கள் செலவை எடுத்துக்கொள்ளும். 2021 பிப்ரவரி பனிப்புயலில் மொத்த விலை நாள்கணக்கில் யூனிட்டுக்கு 9 டாலரில் நின்றது. அன்றைய மதிப்பில் 650 ரூபாய்க்கு மேல். நம் மின் சந்தையின் வழக்கமான பிரிவுகளில் 2023 முதல் யூனிட்டுக்கு 10 ரூபாய்தான் உச்சவரம்பு. அந்த வரம்பை நான் ஆதரிக்கிறேன். அதை வைத்துக்கொண்டே தயார்நிலைக்கும் பணம் தர மாட்டோம் என்றால் மாலை நேரத்துக்கு யாரும் நிலையம் வைக்க மாட்டார்கள்.

இந்தப் பணம் நிலக்கரிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. பேட்டரி டெண்டர்களில் இப்போது மெகாவாட்டுக்கு மாதம் இவ்வளவு என்றுதான் விலை கேட்கிறார்கள். அதுவும் தயார்நிலைக் கட்டணமே. 2022இல் சுமார் 10.8 லட்சம் ரூபாயாக இருந்த விலை, சில டெண்டர்களில் இரண்டரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. உங்கள் டிமாண்ட் சார்ஜ் ஏறுவதை நிறுத்தக்கூடிய மாற்றம் இதுதான் என்று நம்புகிறேன்.

சரி, நீங்கள் இப்போது என்ன செய்யலாம்? முதலில் கடந்த ஒரு வருஷ பில்களில் பதிவான உச்ச தேவையை மாதவாரியாக எழுதுங்கள். சீசனிலேயே 240ஐத் தாண்டவில்லை என்றால், 300 கே.வி.ஏ. வைத்திருப்பதே அதிகம். 90 சதவீத விதி இருப்பதால், அனுமதி அளவைக் குறைக்காமல் உச்சத்தை மட்டும் 270க்குக் கீழே எவ்வளவு இறக்கினாலும் கூடுதலாகப் பைசா மிச்சமாகாது. குறைக்க விரும்பினால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். மறுபடி உயர்த்தும்போது என்ன கட்டணம், எவ்வளவு நாள் ஆகும் என்பதை முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரொம்பவும் இறுக்கிக் குறைக்க வேண்டாம். அளவைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு இரட்டிப்புக் கட்டணம்.

அப்புறம் பவர் ஃபேக்டர், அதாவது நீங்கள் இழுக்கும் கே.வி.ஏ.வில் உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கு. சோலார் இன்வெர்ட்டர் பொதுவாக கிலோவாட்டை மட்டும் தரும். மோட்டார்கள் காந்தப்புலத்துக்காக இழுக்கும் ரியாக்டிவ் சுமை வாரியத்திடமிருந்தே வரும். அதனால் பகலில் பவர் ஃபேக்டர் இறங்கும். 0.90க்குக் கீழே போனால் தனி அபராதம். சோலார் போட்ட பிறகு, அந்த ரியாக்டிவ் சுமையை ஈடுசெய்யும் கப்பாசிட்டர் பேனலைச் சரிபார்த்தீர்களா?

பேட்டரி, உங்கள் உச்சம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் துருத்தி நின்றால் உதவும். இரவு முழுக்க ஒரே சுமையில் ஓட்டும் ஆலைக்கு, அதுவும் வருஷத்தில் மூன்று மாதத்துக்கு, டிமாண்ட் சார்ஜை மட்டும் நம்பி வாங்கினால் முதல் திரும்பாது. 30 கே.வி.ஏ. குறைத்தாலும் மாதம் 18,000 ரூபாய்க்குள்தான் மிச்சம். அதைவிடக் குளிர்பதன கம்ப்ரசரின் ஓட்டத்தை, பல்பர் நிற்கும் ஷிப்ட் இடைவெளிக்குத் தள்ள முடியுமா என்று உங்கள் எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து பாருங்கள். செலவில்லாத வேலை, வரும் சீசனுக்கு முன்பே முடித்துவிடலாம்.