வேலைக்குப் போய்க்கொண்டே, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானுக்குப் பயிற்சி செய்பவர்களின் அன்றாடம் எப்படி இருக்கும்? எதை இலக்காக வைத்துக்கொள்கிறார்கள், ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டியவள். வீட்டில் கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், மாமியார். பள்ளி நாள்களில் எந்த விளையாட்டு அணியிலும் இருந்ததில்லை. நீச்சல் கற்றுக்கொண்டதே முப்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான். இப்போது கோவாவில் நடக்கும் அரைத் தொலைவுப் போட்டிக்கு, அதாவது அயர்ன்மேன் எனப்படும் நீண்ட டிரையத்லானில் பாதித் தூரத்துக்கு, தயாராகிக்கொண்டிருக்கிறேன். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 90 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். ஈர உடையோடு சைக்கிளைத் தேடி ஓடும் நேரமும், காலணி மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

கேள்வியில் ஊக்கம் கடைசியாக வருகிறது. நான் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஊக்கம் வந்தால் பயிற்சி நடக்கும் என்று நினைப்பவர்கள்தான் மூன்றாம் மாதத்தில் காணாமல் போகிறார்கள். விடியற்காலை நாலேகால் மணிக்கு அலாரம் அடிக்கும்போது யாருக்கும் ஊக்கம் இருப்பதில்லை. அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய நிலையே வரக்கூடாது. என் வீட்டில் முடிவு ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே எடுக்கப்பட்டுவிடும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் முதலில் எழுதப்படுவது என் பயிற்சி அல்ல. மகனுக்கு எந்த நாள் தேர்வு, கணவருக்கு எந்த இரவு வேலை, மாமியாரை எந்தக் காலை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும், கிளையில் எந்த நாள் தணிக்கை என்பவைதான் முதலில் கட்டங்களை நிரப்பும். மிச்சமிருக்கும் கட்டங்களில்தான் நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் இடம்பிடிக்கும். வாரத்துக்கு எட்டு மணி நேரம் கிடைத்தால் நல்ல வாரம், பத்து கிடைத்தால் மிக நல்ல வாரம். ஆறுதான் கிடைத்தது என்றால் ஆறோடு நிறுத்திக்கொள்வேன். விட்டதை அடுத்த வாரத்தில் சேர்த்துப் பிடிக்க முயல்வதில்லை. அப்படிப் பிடிக்கப் போனவர்கள் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தாளைத்தான் என் பயிற்சியின் அடித்தளம் என்று சொல்வேன். தொழில்முறை வீரர்களுக்கு நாள் முழுவதும் பயிற்சிக்காக இருக்கிறது. நமக்கு வீட்டாரின் சம்மதம்தான் நேரம். "இந்த வாரம் சனிக்கிழமை நீயும் நானும் கபாலி கோயிலுக்குப் போகிறோம், உன் சைக்கிளை ஞாயிறுக்கு மாற்றிக்கொள்" என்று மாமியார் சொன்னால் மாற்றிக்கொள்வேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நான் கிளம்பும்போது அவர் எழுந்து தண்ணீர் பாட்டில்களை நிரப்பித் தருகிறார்.

வாரத்தில் மூன்று காலைகள் நீச்சலுக்கு. மூன்று பிரிவுகளில் இதற்குத்தான் நான் அதிகம் கவனம் கொடுக்கிறேன், இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லவும் விரும்புகிறேன். நீர் காற்றைவிட ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. சைக்கிளில் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் கால் பலத்தால் சமாளித்துவிடலாம். நீரில் உடல் கோணலாக இருந்தால் எவ்வளவு பலம் இருந்தாலும் வீண். தலையை நிமிர்த்தினால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் கால்கள் அமிழும், பிறகு உடல் முழுவதும் நீரைத் தள்ளிக்கொண்டே போகும். எங்கள் பயிற்சியாளர் முதல் மாதம் முழுக்கச் சொன்னது இரண்டே விஷயங்கள்: குளத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பாருங்கள், மூச்சை நீருக்குள் விட்டு முடியுங்கள். முகம் வெளியே வரும் அந்த அரை நொடி மூச்சு இழுப்பதற்கு மட்டும். விடுவதையும் இழுப்பதையும் வெளியே வைத்துச் செய்ய முயன்றால் ஐம்பது மீட்டரில் நெஞ்சு அடைக்கும். பெரியவர்களாகி நீச்சல் கற்பவர்கள் பலர் திணறுவது கையாலோ காலாலோ அல்ல, இந்த மூச்சால்தான்.

நான் போகும் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு. குளோரின் முடியை நாராக்கிவிடும் என்பதால் தலையில் நன்றாகத் தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் தொப்பி மாட்டிக்கொண்டு இறங்குவோம். என்னோடு கற்றவர்களில் இருவர் பேரப்பிள்ளை பெற்றவர்கள். ஒருவர் முதல்முறை ஆழப் பகுதியைக் கடந்து மறுமுனையைத் தொட்டபோது குளம் முழுவதும் கை தட்டியது. அதைப் பார்த்த மகிழ்ச்சி இன்றுவரை குறையவில்லை.

குளத்தில் நன்றாக நீந்துவது வேறு, கடலில் நீந்துவது வேறு. கடலில் கறுப்புக் கோடு இல்லை. எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, மிதவை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னைக் கடற்கரையில் அலையும் இழுவையும் கடுமை. மெரினாவில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. எனவே தனியாக ஒருபோதும் இறங்குவதில்லை. மாதத்துக்கு ஓரிரு முறை குழுவாகக் கோவளம் போவோம், துணைக்கு ஒரு படகு இருக்கும். படகுக்காரர் அந்த ஊர் மீனவர். ஒரு நாள் அலையே இல்லாமல் கடல் அமைதியாகத் தெரிந்தது. அவர் நீரைப் பார்த்துவிட்டு, "தெண்டி பலமாக ஓடுகிறது, இன்று இறங்க வேண்டாம்மா" என்றார். தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டம் அது. அவர் ஒரு மரத்துண்டை எறிந்து காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது படகை விட்டு விலகி வடக்கே போய்க்கொண்டிருந்தது. அன்று யாரும் இறங்கவில்லை. அவர் சொல்லுக்கு மேல் எங்களுக்குச் சொல் கிடையாது. இன்னொன்று: குளிர்நாடுகளில் போட்டியாளர்கள் அணியும் ரப்பர் உடை உடலை மிதக்க வைக்கும். நம் கடல்கள் வெதுவெதுப்பானவை, அந்த உடைக்கு இடமில்லை. மிதப்பை நம் நீச்சலிலிருந்தேதான் பெற வேண்டும்.

சைக்கிள் பயிற்சிக்குச் சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். ஞாயிறு விடிகாலை திருவான்மியூரிலிருந்து கிளம்பினால் உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம் வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்பலாம். முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டுக் காற்று திடீரென்று தள்ளும். அங்கே ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் இன்னும் அலையும். கையைத் தளர்த்தி, உடலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரே சீராக மிதித்துக் கடக்க வேண்டும். வெயிலும் கார்களும் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். பின்விளக்கும் ஹெல்மெட்டும் இல்லாதவரைக் குழுவில் சேர்ப்பதில்லை. வார நாள்களில் ஒருமுறை, வீட்டிலேயே பின்சக்கரத்தை டிரெயினரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) மாட்டி ஒரு மணி நேரம் மிதிப்பேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்து சமூக அறிவியல் பாடத்தை உரக்கப் படிப்பான், நான் மிதித்துக்கொண்டே கேள்வி கேட்பேன்.

ஓட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடுவது, சும்மா ஓடுவதைப் போன்றதல்ல. தொடை மரத்துப்போய், கால் தனக்குச் சொந்தமில்லாததுபோல் இருக்கும். முதல் இரண்டு கிலோமீட்டரில் அது சரியாகிவிடும் என்று உடலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே நீண்ட சைக்கிள் பயணம் முடிந்ததும் வண்டியை வைத்துவிட்டு இருபது நிமிடம் ஓடுவோம். இதற்கு 'பிரிக்' பயிற்சி என்று பெயர்.

வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். என் பயிற்சியில் பெரும்பகுதி மெதுவானது. பக்கத்தில் ஓடுபவரோடு ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. நீண்ட தூர விளையாட்டுகளின் உச்ச வீரர்களை ஆராய்ந்த உடலியங்கியல் அறிஞர் ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்த தீவிரத்தில் நடப்பதைக் கண்டார். மிச்சம்தான் கடுமை. நம்மைப் போன்றவர்களோ கிடைக்கிற ஒரு மணி நேரத்தையும் முக்கால் வேகத்தில் ஓடித் தீர்க்கிறோம். அது மெதுவான பயிற்சியின் பலனையும் தராது, வேகப் பயிற்சியின் பலனையும் தராது, களைப்பை மட்டும் தரும்.

சென்னையில் மெதுவாக ஓடுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இங்கே ஈரப்பதம் அதிகம், வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆனால் தொடர்ந்து பத்து முதல் பதினான்கு நாள்கள் வெப்பத்தில் பயிற்சி செய்தால் உடல் பழகிக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகச் சுரக்கிறது, அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. நான் நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பேன். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கை வைத்துத்தான் சைக்கிளில் எத்தனை பாட்டில், எவ்வளவு உப்பு என்று முடிவு செய்கிறேன்.

உணவில் புதுமை எதுவும் இல்லை. கிளம்பும் முன் இரண்டு இட்லி. சைக்கிளில் வாழைப்பழம், பேரீச்சை, உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த நீர். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது இலக்கு. வீட்டுக்கு வந்ததும் மோரும் கேழ்வரகுக் கூழும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: பயிற்சி தொடங்கும் முன் ஹீமோகுளோபினும், உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துக்கொள்ளுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. இரும்புச்சத்து இல்லாமல் மூச்சு வாங்குவதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்துத் தன்னையே வருத்திக்கொள்ளும் பெண்கள் நிறைய.

இலக்கைக் கேட்டீர்கள். போட்டி நாளுக்கு என் இலக்கு ஏழு மணி நேரம்: நீச்சலுக்கு ஐம்பது நிமிடம், சைக்கிளுக்கு மூன்றரை மணி நேரம், ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம், மீதி மாற்றங்களுக்கு. நீச்சலுக்கு மட்டும் 70 நிமிடக் கெடு தனியாக உண்டு. அதாவது 100 மீட்டருக்கு மூன்று நிமிடம் நாற்பது வினாடி. நிதானமாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு இது எட்டாத வேகம் அல்ல. ஆனால் போட்டி ஆண்டில் ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக மட்டும் இத்தனை விடியல்களைக் கொடுக்க என்னால் முடியாது. விடியல்களே எனக்குப் பிடித்திருக்கின்றன. குளத்தில் நான் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் யாருடைய கடன் விண்ணப்பமும் என் கையில் இல்லை.

இந்த விளையாட்டே நம்மைப் போன்றவர்களிடமிருந்து வந்ததுதான். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது, கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். யோசனை சொன்ன ஜான் காலின்ஸ் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. நீச்சல் வீரர்கள் பெரியவர்களா, ஓட்டக்காரர்களா, சைக்கிள்காரர்களா என்ற வாதத்திலிருந்து பிறந்தது அது. ஒலிம்பிக்கில் டிரையத்லான் இடம்பெற்றது 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான். கோவா போட்டி 2019-இல் தொடங்கியது. அதற்கு முன் இந்தியர்கள் அயர்ன்மேன் பெயரிலான போட்டிக்கு வெளிநாடுதான் போக வேண்டியிருந்தது.

ஒருவரைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜப்பானின் ஹிரோமு இனாடா. அறுபது வயதில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நீச்சலுக்கு வந்தவர், எழுபதில் முதல் டிரையத்லான். 2015-இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் முழுத் தொலைவையும் கடந்து, 17 மணி நேரக் கெடுவைச் சில வினாடிகளில் தவறவிட்டார். 2018-இல் 85 வயதில் அதே இடத்தில் கெடுவுக்குள் முடித்தார். நாற்பதில் தொடங்கினால் தாமதம் என்று யாராவது என்னிடம் சொன்னால் அவர் பெயரைச் சொல்வேன்.

உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்பதை நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால் விலையுயர்ந்த சைக்கிள் வாங்கும் யோசனையை ஓராண்டு தள்ளிவையுங்கள். இந்த மாதமே ஒரு குளத்தில், பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பயிற்சியாளரிடம் சேருங்கள். முதல் போட்டிக்கு 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட குறுந்தொலைவைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு வீட்டில் இருக்கும் சாதாரண சைக்கிளே போதும், பிரேக்கையும் டயரையும் மட்டும் கடையில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.