அம்மா, மகன், நான்கு யானைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமானியத் தங்கக் காசு ஒன்றின் படம் பார்த்தேன். முன்பக்கம் நீரோ, அவனை ஒட்டியே அவன் தாய் அக்ரிப்பினா. பின்பக்கம் நான்கு யானைகள் இழுக்கும் தேர். அரசன் காசில் அம்மாவுக்கு என்ன வேலை? அந்த யானைகள் நம்மூர் மிளகு வணிகத்தின் அடையாளமா?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

நீங்கள் பார்த்தது கி.பி. 55-ஆம் ஆண்டுக் காசு. அதற்கு முந்தைய ஆண்டுக் காசையும் பக்கத்தில் வைத்தால்தான் கதை பிடிபடும். போஸ்டரில் யார் தலை பெரிசு, யார் மூலையில் வட்டத்துக்குள் என்று பார்த்தே கட்சிக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறோமே, அந்தக் கண்ணோடு பாருங்கள்.

54 அக்டோபரில் பட்டத்துக்கு வந்தபோது நீரோவுக்கு வயது 16. அந்த ஆண்டுக் கடைசியில் அடித்த ஔரியஸில் (தங்கக் காசுக்கு அதுதான் பெயர், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைந்த எடை) தாயும் மகனும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். சரி, சமம்தானே என்று தோன்றும். விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்தைப் படித்தால் அப்படியில்லை. முன்பக்கம் இருப்பது அக்ரிப்பினாவின் பெயர்: தெய்வமான கிளாடியஸின் (நீரோவுக்கு முன் ஆண்ட பேரரசர்) மனைவி, நீரோ சீசரின் தாய். பேரரசன் பெயர் பின்பக்கம், அதுவும் நான்காம் வேற்றுமையில், ‘நீரோவுக்கு’ என்று. காணிக்கை வைக்கும் பாணி அது, மரியாதைதான். ஆனாலும் எழுவாய் அம்மா!

55-இல் இரண்டு தலையும் ஒரே பக்கம் திரும்பிவிட்டன. நீரோவின் தலை முழுசாக முன்னால் நிற்கிறது. அதற்கப்பால் தாயின் நெற்றி, மூக்கு, உதடு மட்டும் ஒரு கோடுபோல எட்டிப் பார்க்கின்றன. பெயர்களும் இடம் மாறின; அவள் பெயர் யானைப் பக்கம் போயிற்று. அப்புறம் ரோம நகரத்துத் தங்கக் காசுகளில் நீரோ தனியாள். 59-இல் மகன் ஆணையிட்டே அவளைக் கொன்றார்கள்.

யானைக்கும் மிளகுக்கும் சம்பந்தமில்லை. இறந்தபின் தெய்வமாக்கப்பட்டவர்களின் உருவத்தை யானைத் தேரில் ஊர்வலம் விடும் வழக்கம் ரோமில் இருந்தது. இந்தத் தேரில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ், இன்னொருவர் கிளாடியஸ். கிளாடியஸுக்கு விஷம் வைக்க ஏற்பாடு செய்ததே அக்ரிப்பினாதான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கணவர் தெய்வமாகத் தேரில் போகிறார், சுற்றிலும் அவள் பெயர்.